மாரப்பன் சொல்லச் சொன்னது

எங்கள் மைசூர் வக்கீல் சங்கத்து ஹாலில் அன்றைக்கு நிற்க இடமில்லை. ஜன்னல் கட்டைகளில்கூட கறுப்புக் கோட்டுகள் உட்கார்ந்திருந்தன. பாராட்டு விழாவுக்காக அவசரமாகச் சுண்ணாம்பு அடித்திருந்ததால் சுவரில் சாய்ந்தவர்கள் முதுகெல்லாம் வெள்ளை. மேடையில் நடு நாற்காலியில் மந்திரி ஆளவந்தார் உட்கார்ந்திருந்தார். தலையில் ஜரிகை போட்ட மைசூர்ப் பேட்டா, கழுத்தில் சந்தனச் சீவல் மாலை. நான் அவருக்கு இடது பக்கம், ஒரு நாற்காலி தள்ளி.

எங்கள் தலைவர் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல் அவருக்கு. கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட சொற்பொழிவு மாதிரி இருக்கும்.

"தானே வாதாடிய வழக்கு. தன் கட்சிக்காரன். அவனுடைய கருணை மனு தன் மேஜைக்கே வருகிறது. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். போட்டாரா? கோப்பைத் திறக்கக்கூட இல்லை. வேறொரு மந்திரிக்கு அனுப்பிவிட்டார். இப்படி ஒரு நேர்மையை எந்த ராஜ்யத்திலாவது பார்த்ததுண்டா?"

ஹால் அதிரும்படி கைதட்டினார்கள். ஆளவந்தார் அங்கவஸ்திரத்தின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். கோர்ட்டில் எதிர்த் தரப்பு நல்ல பாயிண்ட் எடுத்துவிட்டால் அவர் செய்வது அது.

அந்தக் கட்சிக்காரனைத் தூக்கில் போட்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் பெயர் மாரப்பன். தலைவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஒரே மேஜை

ஆளவந்தாரை நான் புகழ்ந்து எழுதப் போகிறேன் என்று நினைத்து இந்த வாரம் பத்திரிகையைப் பிரித்தவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் அவரைக் கெட்டவர் என்றும் என்னால் சொல்ல முடியாது. அதுதான் இத்தனை வருஷமாக எனக்குள்ள கஷ்டம்.

நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வக்கீல் சன்னது வாங்கியவர்கள். அவர் மேல்கோட்டைக்காரர். வழி வழியாகக் கோயிலில் கைங்கரியம் செய்த குடும்பம். வீட்டில் பேசும் தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும், மீதியில் கோயில் வாசனை அடிக்கும். நான் கொள்ளேகாலத்துப் பட்டு வியாபாரி மகன். அப்போது எங்கள் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்தில், கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. மைசூரில் அதற்கு வேறொரு பேர்: மந்திரவாதிகள் ஊர். நான் ஒரு கேஸில் ஜெயித்தால், "கொள்ளேகாலத்தான் ஜட்ஜுக்கு மை வச்சுட்டான்" என்று கோர்ட் வராந்தாவில் பேசிக்கொள்வார்கள்.

அக்ரஹாரத்தில், கோயிலுக்குப் போகிற தெருவில், பூக்கடைக்கு மாடியில் ஓர் அறை எடுத்தோம். மேஜை ஒன்றுதான். கிழக்குப் பக்கம் அவர், மேற்குப் பக்கம் நான். கீழே மல்லிகை கட்டுகிற பெண்கள் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் அந்த ஈர வாசனை மேலே வரும். கொலைக் கேஸ் பேசிக்கொண்டிருப்போம், அறை கல்யாண மண்டபம் மாதிரி மணக்கும்.

சிவில் வழக்குகள் எனக்கு, கிரிமினல் அவருக்கு என்று தானாகவே பிரிந்தது. குறுக்கு விசாரணையில் அவருக்கு நிகரான ஆள் மைசூரில் இல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். சாட்சியிடம் குசலம் விசாரிப்பது போல ஆரம்பிப்பார். முடிக்கும்போது சாட்சிக்குத் தன் அப்பன் பெயரே சந்தேகமாகிவிடும்.

அவருக்கு ஒரு முறை உண்டு. அதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். கொலை வழக்கில் எந்தக் கட்சிக்காரனையும் நடந்ததைச் சொல்ல விடமாட்டார். "நான் அங்கே இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது." அவ்வளவுதான் கோர்ட்டில் அவன் வாயிலிருந்து வரலாம். அடித்தேன், ஆனால் இன்ன காரணத்துக்காக அடித்தேன் என்றால், ஜட்ஜ் முதல் பாதியை எழுதிக்கொள்வார், இரண்டாவது பாதியைக் கேட்க மாட்டார் என்பது அவர் கட்சி. அந்த முறையால் எத்தனையோ பேர் வீட்டுக்குப் போனார்கள். உத்தமர்களும் போனார்கள், போகக் கூடாதவர்களும் போனார்கள்.

கன்னடத்தில் ஓட்டு

மகாராஜாவிடம் பொறுப்பாட்சி கேட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்த நாட்களில் ஆளவந்தாரும் இறங்கினார். பிடிபட்ட காலேஜ் பிள்ளைகளுக்காக ஒரு பைசா வாங்காமல் கோர்ட்டில் நின்றார். பிறகு தானே உள்ளே போய்ச் சில வாரம் இருந்துவிட்டு வந்தார். வெளியே வந்தபோது கன்னத்தில் தாடி, காலில் சிரங்கு. அந்தச் சிரங்குதான் என்னுடைய ஓட்டுச் சீட்டு என்று பின்னால் சொல்லிச் சிரிப்பார்.

தேர்தல் வந்ததும் கட்சி அவரை நிறுத்தியது. அவர் மேடையில் பேசிய கன்னடம் இருக்கிறதே, கன்னடப் பண்டிதர்கள் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். இருந்தாலும் எதிர்த் தரப்பு விடவில்லை. வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவனுக்கு நம் ஊரில் என்ன வேலை என்று சந்தைக்குச் சந்தை கேட்டார்கள். எல்லையில் எந்தத் தாலுகா யாருக்கு என்ற சண்டை அப்போதே புகையத் தொடங்கியிருந்தது. அந்தக் கேள்வி அவருக்குள் எங்கேயோ போய்த் தைத்துக்கொண்டது. ஜெயித்த பிறகும் அது வெளியே வரவில்லை.

மந்திரியானார். சட்டமும் போலீசும் ஜெயிலும் அவர் கையில். பெங்களூரில் பங்களா, கொடி கட்டிய கார். மேஜையின் கிழக்குப் பக்கத்தைத் துடைத்துவிட்டுப் போனார். "ஓய் கொள்ளேகாலம், முழு மேஜையும் உமக்கே. பரப்பிக்கும்" என்றார்.

அதன் பிறகும் அவர் பல காலம் மேலே இருந்தார், இலாகா மாறினார், மாலைகள் வாங்கினார். சாலை போட்டார், பள்ளிக்கூடங்கள் திறந்தார். லஞ்சம் என்ற சொல் அவர் பக்கத்தில் வந்ததில்லை. அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் மாரப்பனிடம் போகிறேன்.

உலக்கை

மாரப்பன் எங்கள் கொள்ளேகாலத்தை அடுத்த ஹனூர்ப் பக்கத்து விவசாயி. ராகியும் கொஞ்சம் அவரையும் போடுகிற மானாவாரிக் காடு. ஆள் உயரம், பேச்சு குறைவு. தங்கை ராமாயியை எல்லை தாண்டி மைசூர் ராஜ்யத்தில், நஞ்சன்கூட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் சாது. புருஷனுடைய அண்ணன் சாது இல்லை.

மாட்டுச் சந்தைக்கு வந்த மாரப்பன் தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். கொல்லைப் பக்கம் சத்தம். போய்ப் பார்த்தால், அந்த அண்ணன் ராமாயியின் கூந்தலைக் கையில் சுற்றி, மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அவள் முகத்தை அமுக்கிக்கொண்டிருக்கிறான். மாரப்பன் பக்கத்தில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்தான். ஒரே அடி. அந்த ஆள் எழுந்திருக்கவில்லை.

கைதான அதே வாரத்தில், ஜெயிலில், ஆளவந்தாரும் நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மாரப்பன் இதைச் சொன்னான். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தங்கையும் இதையே சொல்லத் தயாராக இருந்தாள். நான் சிவில் வக்கீல்தான். ஆனால் இது திட்டமிட்டுச் செய்த கொலை இல்லை என்று எனக்கே தெரிந்தது. அப்படியே சொன்னால் சில வருஷம் ஜெயில், அதற்கு மேல் போகாது என்று நினைத்தேன்.

ஆளவந்தார் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "மாரப்பா, இதை என்கிட்ட சொன்னியே, சரி. இனிமே யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. நீ அங்க போகவே இல்லை. சந்தையில இருந்தே. புரிஞ்சுதோ?"

"ராமாயி சொல்றேங்குதுங்க, சாமி."

"அவளும் பேசப்படாது. உலக்கையை எடுத்தேன்னு ஒரு வார்த்தை வந்துடுத்துன்னா மீதியை எவனும் கேக்க மாட்டான். ரெண்டு சாட்சிதான் அவாளுக்கு. ரெண்டு பேரையும் நான் பார்த்துக்கறேன்."

மாரப்பன் என்னைப் பார்த்தான். பிறகு, "நீங்க சொன்னாச் சரிங்க" என்றான்.

ஒரு சாட்சியை ஆளவந்தார் உடைத்தார், அழகாக உடைத்தார். இன்னொரு சாட்சி செத்தவனுடைய தாய். கண் சரியாகத் தெரியாத கிழவி. எப்படிக் கேட்டாலும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: இவன் வந்தான், அடித்தான், என் மகன் விழுந்தான். தொட்டியைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாங்கள்தான் அங்கே போகவே இல்லையே, தொட்டியைப் பற்றி எப்படிக் கேட்பது?

அந்தக் காலத்தில் கொலை என்று முடிவானால் தூக்குதான் வழக்கம். தூக்கு வேண்டாமென்றால்தான் ஜட்ஜ் அதற்குக் காரணம் எழுத வேண்டும். எழுத அவருக்குக் காரணம் எதுவும் நாங்கள் கொடுத்திருக்கவில்லை.

தீர்ப்பு வந்த அன்றைக்கு ஆளவந்தார் கோட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அழுதிருப்பார் என்றே நினைக்கிறேன். "அப்பீல்ல பார்த்துக்கலாம் ஓய்" என்றார். அப்பீல் வருவதற்குள் அவர் மந்திரி.

அப்பீலை நான் நடத்தினேன். தொட்டியையும் கூந்தலையும் அங்கே சொல்லிப் பார்த்தேன். விசாரணையில் சொல்லாத கதையை இப்போது ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் பெங்களூரில் கொடி கட்டிய காரில் போய்க்கொண்டிருந்தது.

மேல்கோட்டைக் குளம்

மீதி இருந்தது கருணை மனு. உத்தரவு ராஜபிரமுகர், அதாவது மகாராஜா பெயரில் போகும். அதற்கு முன்னால் மந்திரி எழுதுகிற குறிப்புதான் எல்லாம். மனுவில் நடந்தது முழுவதையும் எழுதினேன். மாரப்பன் பெருவிரல் வைத்தான். என் வக்கீல் என் வாயால் கேட்டதை வெளியே சொல்ல நான் சம்மதிக்கிறேன் என்று தனியாக ஒரு தாளிலும் வைக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் தொழில் தர்மம் என்று ஆளவந்தார் நழுவுவார் என்று எனக்குத் தெரியும்.

கோப்பு ஆளவந்தார் மேஜைக்குப் போயிற்று. அவர் திறக்கவில்லை. "இவ்வழக்கில் நான் ஆஜரானவன், வேறு அமைச்சர் பார்க்க வேண்டியது" என்று எழுதித் தள்ளிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ச் சேர்ந்த மந்திரி நல்ல மனிதர்தான், ஆனால் விவசாய இலாகாக்காரர். கீழேயிருந்து வந்த குறிப்பில் "விசாரணையில் சொல்லப்படாத கதை, பின்னால் புனைந்தது" என்று இருந்தது. அதன் கீழே அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, போடப் போகிறார் என்று ஒரு சிநேகிதன் ரகசியமாகச் சொன்னான்.

ஆளவந்தார் தகப்பனாரின் திதிக்கு மேல்கோட்டை வந்திருந்தார். பஸ் பிடித்துப் போனேன். மதியம் தாண்டிவிட்டது. காரியம் முடிந்து, ஈர வேட்டியோடு குளத்துப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. கையில் இன்னும் எள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸிலயா வந்தீர்? சொல்லியிருந்தா வண்டி அனுப்பிச்சிருப்பேனே, ஓய்."

"மந்திரி வண்டியில வந்தா மந்திரியைத் திட்ட முடியாதுங்களே."

சிரிக்கவில்லை. நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "அந்த ஃபைலை நான் பார்க்கப்படாது. வாதாடினவனே தீர்ப்பும் சொல்லலாமோ? நீரே சொல்லும்."

"நீங்க தீர்ப்புச் சொல்ல வேண்டாம், ஐயங்காரே. சாட்சி சொல்லுங்க. இந்தக் கதையை இவன் பிடிபட்ட வாரமே என்கிட்டச் சொன்னான், நான்தான் சொல்லாதேன்னேன். இந்த ஒரு வரியை அந்த விவசாய மந்திரிக்கு எழுதிக் கொடுங்க. அப்புறம் அவரு என்ன பண்ணினாலும் சரி."

"கட்சிக்காரன் ரகசியம்..."

தாளை எடுத்துக் காட்டினேன். பெருவிரல் ரேகையை வெகு நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு என்ன பேசுவா தெரியுமோ? மெட்ராஸ் ராஜ்யத்துத் தமிழன் இங்க வந்து நம்ம ஊர்க்காரனைக் கொன்னான், தமிழ் மந்திரி தப்பிக்க விட்டான். அவ்வளவுதான் ஜனங்க காதுல விழும். என் பதவி போனாப் போறது. இனிமே நம்மவா ஒருத்தனை அந்த நாற்காலி பக்கம் விடுவாளோ?"

"மாரப்பன் கழுத்து?"

"ஃபைல்ல நியாயம் இருந்தா அவா பார்த்துப்பா."

"ஃபைல்ல நியாயம் இல்லைங்க. உங்க வாயிலதான் இருக்கு. ஃபைலுக்கு வராமப் பார்த்துக்கிட்டதே நீங்கதானே."

குளத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் எழுந்து வேட்டியைப் பிழிந்தார். "பேடா ஓய், பேடா" என்று கன்னடத்தில் சொன்னார். வேண்டாம் என்று அர்த்தம். எது வேண்டாம் என்று கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

வழியெல்லாம் அவரை வைதுகொண்டே போனேன். ஜெயிலுக்குப் போகத் துணிந்த மனிதன், ஒரு வரி எழுதத் துணியவில்லை. பேர் கெடாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை பணத்தாசையைவிடப் பொல்லாதது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. பணம் வாங்குகிறவனுக்காவது ராத்திரியில் கொஞ்சம் உறுத்தும்.

மனு தள்ளுபடியாயிற்று. தில்லிக்கு, ஜனாதிபதிக்குப் போன மனுவும் அப்படியே திரும்பிற்று.

கம்பிக்கு அந்தப் பக்கம்

கடைசி முறையாக மாரப்பனைப் பார்க்கப் போனபோது அவன் மனைவி பழனியம்மாளும் வந்திருந்தாள். அவளை முதலில் உள்ளே விட்டார்கள். அவள் வெளியே வந்தபோது அழவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த எதையோ அவிழ்த்து, பார்த்து, மறுபடி முடிந்துகொண்டாள். அவனுக்காக வறுத்துக் கொண்டுவந்த அவரைக்கொட்டை. வார்டர் விடவில்லையாம்.

நான் உள்ளே போனேன். மாரப்பன் இளைத்திருந்தான். சுவரிலிருந்து ஃபினைல் நாற்றம் வந்தது.

"அவிய எழுதலீங்களா?" என்று கேட்டான்.

"இல்லை மாரப்பா."

கம்பியைப் பிடித்துக்கொண்டான். கோபம் இல்லை. அவனுக்குப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"ராமாயியை மறுக்கா அந்த ஊட்டுக்கு அனுப்ப வேண்டாம்னு பழனிகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. நீங்களும் பார்த்துக்கோணும்."

"பார்த்துக்கறேன்."

"மந்திரி ஐயாகிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. அன்னிக்கு வாயைத் தொறக்காதேன்னாங்க. நான் தொறக்கலே. இன்னிக்கு அவிய தொறக்கலே. இதெ மட்டும் அவியகிட்டச் சொல்லிப்போடுங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வெளியே பழனியம்மாள் வேப்ப மரத்தடியில் நின்றாள். இருவரும் பஸ் நிலையம் வரை நடந்தோம்.

என் முறை

இப்போது ஹாலுக்கு வருகிறேன். கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் என்னைப் பேசக் கூப்பிட்டார். ஒரே மேஜையில் உட்கார்ந்தவர், மந்திரியவர்களின் நிழல் என்றெல்லாம் சொல்லிக் கூப்பிட்டார். நிழல் எழுந்தது.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. கன்னடத்தில் வழக்கமான முன்னுரையைச் சொன்னேன். பிறகு, "மந்திரியவர்களுக்கு அவருடைய கட்சிக்காரன் ஒரு சேதி சொல்லி அனுப்பினான். பெயர் மாரப்பன். இதுவரை அவரைப் பார்க்க எனக்குப் பேட்டி கிடைக்கவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்" என்றேன். மாரப்பன் சொன்னதை மட்டும் அவன் சொன்ன தமிழிலேயே, அவன் சொன்ன மாதிரியே சொன்னேன்.

ஹாலில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். அந்த முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போவது மேடையிலிருந்து தெரிந்தது. ஆளவந்தார் அங்கவஸ்திரத்தை விட்டுவிட்டார். கை மடியில் கிடந்தது.

தலைவர் சமர்த்தர். மைக்கைப் பிடித்து, காபியும் திண்டியும் தயார் என்று அறிவித்தார். ஜனங்கள் நன்றியோடு எழுந்தார்கள். கேசரிபாத்தின் நெய் வாசனை வந்தது. என்னோடு அன்றைக்கு யாரும் பேசவில்லை, பிற்பாடும் ரொம்ப நாள் சிலர் பேசவில்லை.

படிக்கட்டில் ஆளவந்தார் எனக்காகக் காத்திருந்தார். பேட்டாவைக் கழற்றவும் மறந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்கா?"

"எந்தப் பொண்ணு?"

"அவன் ஆத்துக்காரி."

"ஹனூர்ல."

"அழைச்சுண்டு போம்" என்றார்.

ஹனூர்

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அவர் சொந்தக் காரில், கொடி இல்லாமல். கொள்ளேகாலம் தாண்டினோம். ராகி முற்றியிருந்த சமயம், வழி நெடுக அறுப்பு. சாலையிலேயே கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். அதன் மேல் ஏறி இறங்கிப் போயிற்று கார்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலை ஓய்."

ஓட்டு வீடு. முற்றத்தில் பழனியம்மாள் முறத்தோடு நின்றிருந்தாள். ஆளவந்தாரை அவளுக்குக் கோர்ட்டில் பார்த்த நினைவு. முறத்தை வைத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டாள். உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செய்கிற எதையும் அவள் விடவில்லை. ஆளவந்தார் வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரக்காரர். வாங்கிக் குடித்தார்.

அவர் ஏதோ தொடங்கினார். மந்திரி என்கிற முறையில், சட்டத்தில், என்றெல்லாம் இரண்டு மூன்று துண்டுகள் வந்தன. ஒன்றும் முடியவில்லை. பழனியம்மாள் குறுக்கே கேட்டாள்.

"ஏனுங்க சாமி, எனக்கு ஒண்ணு மட்டும் தெரியோணும். நீங்க அந்த ஒரு வரி எழுதியிருந்தா அவரெ விட்டிருப்பாங்களா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் பல பதில் உண்டு. அது என் கையில் இல்லை, உத்தரவு போட்டது வேறொருவர், தில்லியிலும் தள்ளினார்களே, யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும். எல்லாமே கோர்ட்டில் நிற்கும். அவற்றில் ஒன்றை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுத்திருந்தால் எனக்குக்கூட ஒருவகையில் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆளவந்தார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "தூக்கு இருந்திருக்காதும்மா. கொஞ்ச வருஷம் உள்ள இருந்திருப்பான். உயிரோட திரும்பி வந்திருப்பான்."

பழனியம்மாள் குனிந்து அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். பாதி மோர் மீதி இருந்தது.

"அப்பப் பொறப்படுங்க, சாமி" என்றாள். "ராமாயி காட்டுல கதிரு அறுத்துக்கிட்டிருக்கா. இப்ப அருவாளோடதான் வருவா. வந்து, அவிய என்ன சொன்னாங்கன்னு கேப்பா. எனக்குப் பொய் சொல்ல வராதுங்க."